பழைய ஜீப்பும் வீட்டுப் பட்டறையும்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் எங்க வீட்டு ஷெட்ல ஒரு பழைய மஹிந்திரா சிஜே-3பி ஜீப்பை, அதான் உயரமா பானட் வச்ச வண்டி, நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உட்கார்ந்து எப்படி ஓட்டத்துக்குக் கொண்டு வந்தோம்னு எழுதியிருந்தேன். அதுக்கு ஒரு கட்டு கேள்வி வந்திருக்கு. பாதிப் பேரு ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க, அதனால அதுங்களைச் சேர்த்து எடுத்திருக்கேன்.

அண்ணா, எங்க தாத்தா ஏலத்தோட்டத்துக்கு ஓட்டின பெட்ரோல் ஜீப், 1969 மாடல், 14 வருஷமா தகர ஷெட்டுக்குள்ள நிக்குது. நானும் மச்சானும் சேர்ந்து எடுத்து பண்ணலாம்னு இருக்கோம். முழுசா கழட்டி சேஸை மட்டும் நிறுத்தி பெயின்ட் அடிச்சுட்டு அப்புறம் ஒவ்வொண்ணா மாட்டலாம்னு மச்சான் சொல்றாரு. சரியா? (போடிநாயக்கனூர் வாசகர்)

வேணாம் தம்பி. மச்சான்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. முழுசா கழட்டுறது ரெண்டு நாள் வேலை, அந்த ரெண்டு நாளும் ரொம்ப சந்தோஷமாத்தான் இருக்கும், அப்புறம் நாலு சாக்குல நட்டு போல்ட்டு, சுவத்துல சாய்ச்சு வச்ச மட்கார்டு, எந்த வாஷர் எந்த இடம்னு தெரியாம ஒரு வருஷம் ஓடிரும், வீட்டுல கல்யாணம் வரும், ஷெட்டைக் காலி பண்ணணும்பாங்க, கடைசியில அந்த நாலு சாக்கும் எடைக்குப் போகும். அப்படிப் போன வண்டி என் கண்ணு முன்னாடியே மூணு இருக்கு. மூணும் நிக்கிற வரைக்கும் நல்லாத்தான் நின்னுச்சு, கழட்டினதுக்கு அப்புறம்தான் செத்துச்சு.

முதல்ல வண்டியை அப்படியே வெளிய தள்ளிட்டு வந்து அடிப்பக்கம் நல்லா கழுவுங்க. பம்ப்செட் தண்ணியே போதும். அப்புறம் ஒரு பழைய திருப்புளியை எடுத்துக்கிட்டு படுத்து சேஸ் முழுக்க குத்திப் பாருங்க, முக்கியமா பின்னாடி ஸ்பிரிங் பட்டையை சேஸோட சேர்க்குற ஷேக்கிள் தொங்குற இடம், பம்பர் சேருற இடம், பாடியைத் தாங்குற குறுக்குப் பட்டைக்கு உள்பக்கம். மலை மண்ணு அங்கதான் போய் ஒளிஞ்சுக்கும், மழைக்கு ஈரத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். திருப்புளி உள்ள போகாம டங்கு டங்குனு சத்தம் வந்தா சேஸ் நல்லாருக்கு, உங்க செலவுல பாதி குறைஞ்சுது. பொத பொதன்னு இருந்தா அந்த இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டு வைங்க.

அதுக்கு அப்புறம் வரிசை இதுதான், நான் மாத்த மாட்டேன். முதல்ல பிரேக்கு, அடுத்து ஸ்டியரிங்கு, அப்புறம் என்ஜின், அப்புறம் ஒயரிங், அதுக்கு அப்புறம் டிங்கரிங், எல்லாத்துக்கும் கடைசியா பெயின்ட். ஒரு பக்கம் கழட்டி முடிச்சு மாட்டினதுக்கு அப்புறம்தான் அடுத்தது. ஒவ்வொண்ணையும் கழட்டும்போது போன்ல போட்டோ எடுத்துக்கங்க, நட்டு போல்ட்டை எந்த ஓட்டையில இருந்து எடுத்தீங்களோ அதே ஓட்டையில திரும்ப கையாலயே ரெண்டு சுத்து மாட்டி விட்ருங்க. டப்பா, கவர், லேபிள் இதையெல்லாம் விட இது நல்ல வழி.

பிரேக்கை ஏன் முதல்ல சொல்றேன்னா, இந்த வண்டியில ஒரே சர்க்யூட்டுதான். நாலு வீல்ல எங்க ஒரு சொட்டு ஒழுகினாலும் மொத்த பெடலும் கீழ போயிரும். மாஸ்டர் சிலிண்டர் வேற காலடியில ஃப்ளோருக்குக் கீழ இருக்கு, மூடியைத் தொறக்கும்போதே மேல இருக்குற மண்ணு உள்ள விழும், அதனால சுத்தி துடைச்சுட்டுத்தான் தொறக்கணும். 14 வருஷம் நின்ன வண்டியில ரப்பர், ஹோஸ், இரும்புக் குழாய் எதையும் நம்பாதீங்க, எல்லாம் புதுசு போடுங்க, டாட்-3 ஆயில் மட்டும் ஊத்துங்க. ஹேண்ட் பிரேக்கு பின் வீல்ல இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேசுக்கு, அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்குற பெட்டிக்குப் பின்னாடி ஒரு டிரம்முல இருக்கும், அங்க ஆயில் சீல் ஒழுகினா லைனிங் நனைஞ்சு ஏத்தத்துல வண்டி நிக்காது. போடி மெட்டுல நிக்கவேண்டிய வண்டி, பாத்துக்கங்க.

ஒண்ணு கேக்குறேன், தாத்தா வண்டியில அவர் கைப்பட செஞ்சது ஏதாவது இருந்தா தூக்கிப் போட்றாதீங்க. எங்க ஜீப்புல சீட்டுக்குப் பின்னாடி கம்பியில ஒரு தேங்காநார்க் கயிறு, எங்கப்பா கட்டின முடிச்சு, மம்பட்டி ஆடாம இருக்கணும்னு கட்டினது. கம்பியை உரசி பெயின்ட் அடிச்சோம், அந்த முடிச்சு இருக்குற நாலு விரக்கடையை மட்டும் தொடல.

என்ஜின் ஜாம் ஆயிருச்சு, ஹேண்டில் போட்டா அசையவே மாட்டேங்குது. கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா? (தென்காசி, உடுமலை, ஏற்காடு, இன்னும் சிலர்)

கட்டி இழுக்கவே கூடாது. பிஸ்டன் மோதிரம் சிலிண்டர் சுவரோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும், இழுத்தா மோதிரம் உடையும், பிஸ்டன் கீறும், சில சமயம் கனெக்டிங் ராடு வளையும்.

நாலு பிளக்கையும் கழட்டுங்க, ஒவ்வொரு ஓட்டையிலயும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊத்துற ஏடிஎஃப் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஒரு டம்ளர் ஊத்துங்க, துணி வச்சு மூடிட்டு போய் உங்க வேலையைப் பாருங்க. ஒரு வாரம். நடுவுல இறங்கிருச்சான்னு பாத்து திரும்ப ஊத்துங்க. அப்புறம் டாப் கியர்ல போட்டு வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் கையால ஆட்டுங்க, ஒரு நாள் ‘டக்’னு ஒரு சின்ன சத்தம் வரும், அந்த சத்தத்துக்காக நான் 11 நாள் காத்திருந்தேன். அது அசைஞ்ச உடனே சுத்திறாதீங்க, கொஞ்சம் முன்ன கொஞ்சம் பின்ன. முழுசா சுத்தின பிறகு கிராங்க் கேஸ் ஆயிலை வடிச்சு, அடியில ஆயில் நிக்கிற சம்பையும் கழட்டிக் கழுவிட்டுப் புது ஆயில் ஊத்துங்க, ஏன்னா நீங்க ஊத்தின டீசல் எல்லாம் கீழதான் இறங்கியிருக்கும்.

ஹேண்டில் அடிக்கும்போது ஒரு விஷயம். கட்டைவிரலை மத்த நாலு விரல் இருக்குற பக்கமே வைங்க, சுத்திப் பிடிக்காதீங்க. கீழ இருந்து மேல இழுங்க, மேல இருந்து கீழ அமுக்காதீங்க. என்ஜின் திருப்பி உதைச்சா கட்டைவிரல் எலும்பு போயிரும். பழைய டிரைவருங்க எல்லாருக்கும் இது தெரியும், இப்ப இருக்குற பசங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல.

ஸ்டார்ட் ஆகலைன்னா உடனே சிலிண்டரைக் கடையுற போரிங்குக்குத் தூக்கிட்டுப் போகாம, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்குற பாயிண்டைப் பாருங்க. பாயிண்ட் கேப் 20 தவ், அதாவது அரை மில்லிமீட்டர். பிளக் கேப் 30 தவ். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டருங்க எரியுற வரிசை, 1-3-4-2. கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாத்து நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்தா அந்த என்ஜினைப் பிரிக்காதீங்க, ஓடட்டும். ஹெட்டை எடுக்கணும்னு வந்தா சிஜே-3பி-ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க, இதுல இன்டேக் வால்வு மேல ஹெட்டுல, எக்ஸாஸ்ட் வால்வு கீழ பிளாக்குல இருக்கும். ரெண்டாம் உலகப்போர் வில்லிஸ்ல ரெண்டு வால்வும் பிளாக்குலயேதான், 60 குதிரை சக்தி. 1953-ல ஒரு வால்வு மேல, ஒண்ணு கீழ இருக்குற இந்த எஃப்-ஹெட் என்ஜினை சிஜே ஜீப்புல போட்டப்போ உயரம் கூடிப்போச்சு, பழைய பானட்டுக்குள்ள அடங்கல, அதனாலதான் நம்ம வண்டி நெத்தி தூக்கின மாதிரி இருக்கு. அமெரிக்காவுல 1968-லயே நிறுத்திட்டாங்க, நம்ம ஊருல அதுக்கு அப்புறமும் மஹிந்திரா அதே உருவத்தை விடல.

வீட்டுல நல்ல ஸ்பானர் செட் இருக்கு சார், ஆனா எந்த போல்ட்டுக்கும் சரியா உட்கார மாட்டேங்குது. (ராணிப்பேட்டை)

அது இன்ச் அளவு வண்டி. உங்ககிட்ட இருக்குறது மில்லிமீட்டர் செட்டு. 9/16 போல்ட்டு 14.29 மி.மீ. வரும், 14 ஏறாது, 15 போட்டா வழுக்கி மூலையெல்லாம் உருண்டை ஆயிரும். அரை இன்ச் 12.7, அதுக்கு 13 போட்டாலும் அதே கதைதான். 3/4-க்கு மட்டும் 19 ஓரளவு உட்காரும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 இந்த அஞ்சு ரிங் ஸ்பானர் முதல்ல வாங்குங்க, வண்டியில பெரும்பாலான வேலை அதுலயே முடிஞ்சிரும். சென்னை வந்தா புதுப்பேட்டையில பழைய நல்ல இரும்புல கிடைக்கும், கையில வச்சுப் பாத்து வாங்குங்க.

45 கிலோமீட்டர் வேகம் தாண்டினா ஸ்டியரிங் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. வீல் பேலன்சிங் ரெண்டு தடவை பண்ணியாச்சு. (பொள்ளாச்சி)

பேலன்சிங்குல போகாதுங்க அது. இந்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு காரணம் இருக்காது, நாலஞ்சு இடத்துல கொஞ்சம் கொஞ்சம் தேய்மானம் சேர்ந்துதான் ஆடும், அதனாலதான் மெக்கானிக் ஒண்ணை மாத்திட்டு சரியாப்போச்சும்பாரு, பத்து நாள்ல திரும்ப வரும்.

முன் வீலைத் தூக்கி ஸ்டாண்டு போட்டுட்டு மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலன்னா கிங் பின் பேரிங், அதாவது முன் வீல் இடமும் வலமும் திரும்புற அச்சோட பேரிங். கிங் பின்னுக்கு மேலயும் கீழயும் மெல்லிசா ஷிம் இருக்கும், அதை எடுத்து எடுத்துத்தான் இறுக்கம் கொண்டு வரணும், கையால திருப்பினா கனமா ஆனா தடங்கல் இல்லாம திரும்பணும், வெண்ணெயில கத்தி போற மாதிரின்னு எனக்குச் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி சொல்வாரு. அடுத்தது முன் கிராஸ் மெம்பர்ல இருக்குற பெல் கிராங்க், ஸ்டியரிங் பாக்ஸோட அசைவை வீலுக்குத் திருப்பிக் கொடுக்குற துண்டு. இதை யாருமே பாக்குறதில்ல! அதுக்கு நடுவுல ஒரு தண்டு இருக்கு, அது தேஞ்சா ஸ்டியரிங் பாக்ஸ் புதுசா இருந்தாலும் வண்டி சொன்ன பேச்சு கேக்காது. அப்புறம் ரெண்டு முன் வீலையும் சேர்க்குற டை ராடு முனைங்க, அப்புறம் ஸ்பிரிங் பட்டை ஷேக்கிள் புஷ், யு போல்ட்டு லூசா இருக்கான்னும் பாருங்க. எல்லாம் முடிச்சுட்டு டோ-இன் வைங்க, ரெண்டு முன் வீலுக்கும் நடுவுல முன்பக்க அளவு பின்பக்க அளவை விட ஒன்றரையிலிருந்து ரெண்டு மி.மீ. குறைவா. இதுக்கு மெஷினே வேணாம், டயர் நடுவுல சாக்பீஸ் கோடு, ஒரு மெஷரிங் டேப், பிடிக்க ஒரு ஆளு போதும்.

அகல டயர் போட்டிருந்தா அதையும் கழட்டிருங்க. இந்த ஆக்சிலுக்கு வந்த டயர் 6.00-16, ஒல்லியா உயரமா. பாக்க அழகுன்னு அகலமா போட்டா கிங் பின்னுக்கும் ஸ்டியரிங்குக்கும் சுமை கூடும். சேறுலயும் ஒல்லி டயர் வெட்டிக்கிட்டு அடியில இருக்குற கெட்டித் தரையைப் பிடிக்கும், நம்ம தோப்பு வழிக்கு அதுதான் சரி.

கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில்? கடையில ‘இதுதான் உசத்தி’ன்னு ஜிஎல்-5 தர்றாங்க. (நாமக்கல்)

ஜிஎல்-4, 90 கிரேடு. ஜிஎல்-5-ல இருக்குற கந்தக மருந்து கியர் சத்தமில்லாம விழ உதவுற பித்தளை சின்க்ரோ ரிங்கை மெதுவா அரிச்சிரும். ஆக்சிலுக்கு வேணும்னா ஊத்திக்கலாம், கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேசுக்கும் வேணாம்.

அக்காவா அண்ணாவா தெரியல, எழுத்து பிடிச்சிருந்துச்சு. நான் பள்ளிக்கூட டீச்சர். எங்கப்பா ஜீப்பை நானே வீட்டு போர்ட்டிகோவுல வச்சு சரி பண்றேன், என் பையன் 12 வயசு, கூடவே நிப்பான். எதுல கவனமா இருக்கணும்? (திண்டுக்கல்)

அண்ணன்தான்மா. உங்க கடிதத்தை எங்க வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் அடியில படுக்காதீங்க. எங்க ஷெட்லயே ஒரு ராத்திரி ஜாக்கி சீல் போய் வண்டி அப்படியே உட்கார்ந்திருந்துச்சு, காலையில வந்து பாத்தப்போ முந்தின நாள் சாயங்காலம் நான் படுத்திருந்த கோணிச்சாக்கு ஆக்சிலுக்கு அடியில நசுங்கிக் கிடந்துச்சு. அன்னிக்கே நாலு ஜாக் ஸ்டாண்டு வாங்கினேன். செங்கல்லு, ஹாலோ பிளாக்கு எதுவும் வேணாம், பட்டுனு உடையும்.

பழைய பிரேக் லைனிங்குல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழட்டினதும் வாயால ஊதறது, ஏர் அடிக்கிறது ரெண்டும் கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராது. தண்ணியில சோப்பு கலந்து நனைச்சு, ஈரத்துணியால துடைச்சு, துணியைக் கவர்ல கட்டிப் போட்ருங்க. அந்த வேலை நடக்குறப்போ பையனை உள்ள அனுப்பிருங்க.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில இருக்கு. வெல்டிங், கிரைண்டிங் எது பண்ணாலும் முதல்ல டேங்கை இறக்கி தெருவைத் தாண்டி வைங்க. காலி டேங்க் ரொம்ப டேஞ்சர்மா, முழு டேங்கை விட. உள்ள இருக்குற ஆவிதான் வெடிக்கும். டேங்க் ஓட்டையை வீட்டுல அடைக்கவே வேணாம், ரேடியேட்டர் பட்டறையில கழுவி ஆவி போகப் பண்ணிட்டுத்தான் பத்துவாங்க, அங்க கொடுங்க.

பையனுக்கு கார்புரேட்டரைக் கொடுங்க. மேசை மேல வெள்ளைத் துணி விரிச்சு கழட்டி, வரிசையா அடுக்கி, பெட்ரோல் போற சின்ன ஓட்டை உள்ள ஜெட்டுக்குள்ள வெளிச்சம் தெரியுதான்னு ஒரு கண்ணை மூடிப் பாக்கச் சொல்லுங்க. கம்பி விட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெருசாயிரும், காத்தும் கார்ப் கிளீனரும் போதும்.

டீசல் என்ஜின் மாத்திரலாம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆர்சி-ல பெட்ரோல்னு இருக்கு. விண்டேஜ்னு பதிஞ்சா பிரச்சனை இல்லையாமே? (கோத்தகிரி, மேட்டுப்பாளையம்)

பெட்ரோல் என்ஜின் பிளாக் உடையாம இருந்தா அதையே வைங்க, இது என் பிடிவாதம்னே வச்சுக்கங்க. அந்த 2.2 லிட்டர் என்ஜின் வேகம் ஓடாது, ஆனா கீழ் இழுவை இருக்கு பாருங்க, ரெண்டாவது கியர்ல ஊர்ந்து ஏறும். டீசல் போட்டா கனம் கூடும், முன் பட்டை உட்காரும், அதிர்வுல பாடி ஸ்பாட் வெல்டிங் விடும். டீசல் ஜீப்தான் வேணும்னா பின்னாடி வந்த மஹிந்திரா எம்எம் 540 பாருங்க, அது 2112 சிசி பியூஜோ டீசலுக்குன்னே செஞ்ச வண்டி.

ஆர்சி விஷயம் சொல்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி செஞ்சதுல இருந்து மாத்தக்கூடாது, என்ஜின் மாத்தினா ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சி-ல ஏத்தணும். ஏத்தாம ஓட்டி நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் அந்த ஒரு வரியைத்தான் முதல்ல படிப்பான். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நஷ்ட ஈடு போகாம இழுத்தடிக்கும், அதை யோசிச்சுப் பாருங்க.

விண்டேஜ் விதி 2021 ஜூலையில வந்துச்சு. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸ், பாடி, என்ஜின் பெருசா மாத்தியிருக்கக் கூடாது. புதுசா பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. புது பதிவுன்னா நம்பர்ல விஏ வரும், ஏற்கனவே பதிஞ்ச வண்டின்னா பழைய நம்பரையே வச்சுக்கலாம். ஆனா தினசரி ஓட்டவோ வாடகைக்கோ கூடாது, கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டும்தான் ரோட்டுல வரலாம். அதனால தோட்டத்துக்கும் சந்தைக்கும் போகணும்னு நினைக்கிறவங்க சாதாரண ஆர்சி-யையே அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிச்சுக்கங்க. சேஸ் நம்பர் பிளேட்டை மட்டும் உரசிறாதீங்க, பெயின்ட் வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே அது மேல தாள் வச்சு பென்சிலால தேய்ச்சு பிரிண்ட் எடுத்து பத்திரப்படுத்துங்க.

ஃப்ளோர் ஓட்டையா இருக்கு, டிங்கர் பட்டி வச்சு மூடிரலாம்னு சொல்றாரு. (விழுப்புரம்)

துரு மேல பட்டி, அதாவது ஓட்டை அடைக்கிற பசை, வச்சா ஒரு மழைக்காலம் தாங்கும், ரெண்டாவது மழைக்கு பணியாரம் மாதிரி உப்பிக்கிட்டு வரும். துருப்பிடிச்ச தகட்டை நல்ல இரும்பு தெரியுற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு 18 கேஜ் தகடு வச்சு பொட்டுப் பொட்டா டாக் அடிக்கச் சொல்லுங்க, ஒரே இழுப்புல வெல்டிங் போட்டா சூட்டுல தகடு நெளிஞ்சிரும். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு அடிக்கணும். வெட்ட முடியாத மூலை முடுக்குல பாஸ்பாரிக் ஆசிட் துரு மருந்து தடவி, காஞ்சதும் துடைச்சு, எபாக்சி பிரைமர் ரெண்டு கோட்டு. அடிப்பக்கமும் சேர்த்து.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய ஜீப்புக்கு ஆகுமா? (ஈரோடு)

என்ஜின் ஓடும். ரப்பர்தான் தாங்காது. பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், ஓஸ், கார்புரேட்டர் வாஷர் மூணையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்துங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால மாசக்கணக்குல பெட்ரோலோட நிறுத்தி வைக்காதீங்க, டேங்க் உள்ளயே துரு பிடிக்கும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு கண்ணாடி ஃபில்டர் போட்டா கலங்கலா இருக்குறது கண்ணுக்கே தெரியும்.

ஃபோர் வீல் போட்டு தார் ரோட்டுல வீடு வரைக்கும் வந்துட்டேன், இப்ப லீவர் திரும்ப வரமாட்டேங்குது. (கொடைக்கானல்)

உடைஞ்சிருக்காது, பயப்படாதீங்க. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல வேக வித்தியாசத்தைச் சமாளிக்கிற டிஃபரன்ஷியல் கிடையாது, திருப்பத்துல முன் வீலும் பின் வீலும் வேற வேற தூரம் ஓடும், மண்ணுல வழுக்கி சரியாயிரும், தாருல வழுக்க இடமில்லாம பல்லெல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்கும். ஸ்டியரிங்கை நேரா வச்சு பத்தடி ரிவர்ஸ் வாங்க, வந்துக்கிட்டே லீவரை மெதுவா இழுங்க. அடிச்சு இழுக்காதீங்க.

கிளீனர் சைடு வீல் நட்டு ஒண்ணு கூட கழலல, நாலடி பைப்பு போட்டும் பாத்தாச்சு, ஒரு ஸ்டட்டு உடைஞ்சே போச்சு. (வால்பாறை)

பைப்பைக் கீழ வைங்க முதல்ல. பழைய ஜீப்புல இடது பக்க வீலுக்கு எதிர் மரை வரும், நீங்க இவ்வளவு நேரம் இறுக்கிக்கிட்டு இருந்திருக்கீங்க. ஸ்டட்டு முனையைக் கம்பி பிரஷ்ல தேய்ச்சுப் பாருங்க, நிறைய வண்டியில ஆங்கில ‘எல்’ எழுத்து குத்தியிருக்கும். துருவை இளக்குற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விட்டு, காலையில வலது பக்கமா, அதாவது கடிகாரம் சுத்துற பக்கமா திருப்புங்க. உடைஞ்ச ஸ்டட்டுக்குப் புதுசு வாங்கும்போது எதிர் மரைன்னு சொல்லி, கூடவே ஒரு நட்டையும் கையில கொண்டு போங்க.